அரம் போட்ட மெமறி

— ‘உன்ர மனுசன் ஒரு நாளைக்குக் கரைக்கு வராட்டி நீ ஆரிட்டப் போய்க் கேப்பாய்?’ எண்டு எங்கட மாமி ஒருக்கா என்னட்டக் கேட்டவ, நிஷாந்தினி. கலியாணம் முடிஞ்ச கையோட. நான் பகிடியா, ‘கடலிட்டத்தான் கேப்பன் மாமி’ எண்டனான். இப்ப பார், இந்தத் தகரப் பெட்டியிட்டக் கேட்டுக்கொண்டு நிக்கிறன். அது வாயே திறக்குதில்லை.

— பொறுங்கோ, புஸ்பராணியக்கா. வாய் திறக்குதுதான். பட்டனை அமத்தினா மூண்டு தரம் ‘பீப்’ எண்டுது, கேட்டனீங்களே? மெமறியைக் காணேல்ல எண்டு சொல்லுற சத்தம் அது.

— அதைத்தானே பிள்ளை நான் நேற்றே சொன்னனான். மெமறி எரிஞ்சுபோச்சு. செத்த மெசின். உம்மை அன்புவழிபுரத்தில இருந்து துறைமுகம் மட்டும் அலைக்கழிச்சதுதான் மிச்சம்.

— நீ சும்மா இரு, ராகுலன். இஞ்சின் மெக்கானிக் இஞ்சினைப் பாத்தாக் காணும். தம்பி எண்டபடியால நேற்று முழுக்க உன்ர கதையைக் கேட்டு ஒரு பகலை விட்டிட்டன். நீ பார், தங்கச்சி. இவன்ர கதையைக் காதில வாங்காதை.

— அக்கா, எனக்கு ஒண்டு விளங்கேல்ல. அங்கால றேடியோ செட் வேலை செய்யுது. இரைச்சல் கேக்குது. பிறகேன் இந்தக் கொம்பியூட்டர்?

— குரல் வராது, தங்கச்சி. போட் வெளிக்கிட்டு ரெண்டாம் நாள் பின்னேரம் நான் இந்த றூமுக்குள்ள, இந்தக் கதிரையிலதான் இருந்தனான். ‘இஞ்சின் நிண்டுபோச்சு’ எண்டு அவற்ர குரல் கேட்டுது. அவ்வளவுதான். பிறகு ஒரே இரைச்சல். ஆனா குரல் வராத தூரத்திலயும், இந்தக் கொம்பியூட்டர் றேடியோவுக்குள்ளால கூப்பிட்டா, போட்டில கிடக்கிற செட் தானாப் பதில் சொல்லும். நான் இன்ன இடத்தில நிக்கிறன் எண்டு நம்பராச் சொல்லும். வல்லிபுரம் முதலாளி தன்ர போட் எங்க மேயுது எண்டு பாக்கத்தான் இதைப் பூட்டினவர். என்ர மனுசன் கடலுக்கு வெளிக்கிட்ட அடுத்த நாளே இது படுத்திட்டுது.

— நேவி என்ன சொல்லுது?

— இடத்தைச் சொல்லு எண்டு சொல்லுது. பின்னேரம் ஒரு கப்பல் வெளிக்கிடுதாம். ‘அம்மா, கடல் பெரிசு, எந்தப் பக்கம் எண்டு நாங்கள் தேடுறது?’ எண்டு அந்த நேவி மாத்தையா பொறுமையாத்தான் கேட்டவர். தாழமுக்கம் ஒண்டு வருதாம், புயலடிக்குமாம். நாளைக்கு எண்டா அவையும் போகமாட்டினம். அதுக்குள்ள நீ இதைக் கதைக்கப் பண்ணோணும், என்ர அம்மா.

— அழாதேங்கோ. இந்த ரோச்சை இஞ்சால பிடியுங்கோ. இன்னும் கிட்ட. ஓம். போர்டில அச்சடிச்சிருக்கு, பாத்தீங்களே? டிடிஆர் த்ரீ. மெமறியில மூண்டாவது வகை. இதுக்கு மூண்டு மட்டும்தான் போடலாம்.

— அப்ப போடன்.

— அதைத்தான் தேடுறன். என்ர கடையில கிடந்ததெல்லாத்தையும் இந்த பிஸ்கற் ரின்னுக்குள்ள போட்டுக்கொண்டு வந்தனான். இது கட்டை. லப்டொப் மெமறி. மூண்டுதான், ஆனா நீளம் அரைவாசி. இந்த ஸ்லொட்டில நிக்காது.

— கட்டையோ நெட்டையோ, மெமறிதானே, தங்கச்சி?

— வேலை ஒண்டுதான், அக்கா. கொம்பியூட்டர் ஓடேக்க கையில வச்சிருக்கிறதெல்லாம் இதிலதான் நிக்கும். கறண்ட் போனா எல்லாம் போயிடும். ஆனா உடம்பு வேற வேற. இந்தா, இது நெட்டை. நீளம் சரி. ஆனா ரெண்டாவது வகை. கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கோ. ஒரு வெட்டு இருக்குதே? ஸ்லொட்டுக்குள்ள அதுக்கு நேரா ஒரு முள்ளு இருக்கு. வெட்டும் முள்ளும் சந்திச்சாத்தான் இறங்கும். ரெண்டுக்கு வெட்டு ஒரு இடம், மூண்டுக்கு வேற இடம், நாலுக்கு இன்னொரு இடம்.

— இப்பிடிக் கரைச்சல் படுத்த அவங்களுக்கு என்ன விசரே?

— மாறிப் பூட்டக் கூடாதெண்டுதான். ரெண்டு கூடக் கறண்ட் எடுக்கும். மூண்டு அதைவிடக் குறைய. நாலு இன்னும் குறைய. மாறிக் குடுத்தா ஒண்டில் மெமறி எரியும், ஒண்டில் போர்ட் எரியும்.

— ஆ... இது உங்கட பள்ளிக்கூடப் பாடம், பிள்ளை. சண்டைக்காலத்தில இஞ்சின் சாமான் ஒண்டும் இஞ்சால வரவிடேல்ல, விளங்குதே? லொறியின்ர சாமானை அரத்தால ராவி எங்கட அப்பா போட் இஞ்சினுக்குப் பூட்டினவர். பொருந்தாததைப் பொருத்திறதுக்குப் பேர்தான் தொழில். பொருந்தினதைப் பூட்ட ஆருக்கும் தெரியும்.

— நீ பெருமை அடிக்கிற நேரமே இது? தங்கச்சி, இந்தா, இது நீளமாக் கிடக்கு. வெட்டும் சரி போல கிடக்கு. இதைப் பார்!

— வெட்டுச் சரிதான். மூண்டுதான். ஆனா... அதில இருக்கிற கறுப்புச் சதுரங்களை எண்ணுங்கோ.

— எட்டு... இல்லை, ஒன்பது.

— சாதாரண மெமறியில எட்டு. இது பெரிய கந்தோருகளில ராப்பகலா ஓடுற சேவர் மெசினின்ர. அந்த ஒன்பதாவது, மற்ற எட்டும் பிழை விடுதோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிறதுக்கு. இந்த மெசின் அதை ஏற்காது.

— என்ர வீட்டு ஆள் மாதிரி. எட்டுப் பேர் வேலை செய்ய, ஒண்டு நிண்டு பிழை பிடிக்கும்.

— ஜெயரூபியை இழுக்காதை. அவளாவது பிள்ளையோட கிளிவெட்டியில தாய் வீட்டில நிம்மதியா இருக்கட்டும். தங்கச்சி, ஏற்காட்டிப் பறவாயில்லை. ஒருக்கா வச்சுப் பார். என்ர காளியாத்தை, ஒருக்கா!

— வைக்கிறன். அதுக்கு ஸ்லொட்டில ஏற்கனவே இருக்கிற பழசைக் கழட்டோணும்...

— அதைக் கழட்டாதேயும்! அது இறுகிப்போய்க் கிடக்கு. ஸ்லொட் உடைஞ்சா முதலாளிக்கு ஆர் பதில் சொல்லுறது?

— சரி, அண்ணை. ஏன் இப்பிடிக் கத்துறீங்கள்? பக்கத்து ஸ்லொட்டில வச்சுப் பாக்கிறன். ம். இறங்கிட்டுது. அக்கா, பட்டனை அமத்துங்கோ.

— ...மூண்டு தரம். அதே சத்தம். ஐயோ, அதே சத்தம்.

— சொன்னனானே. போய்ப் படுங்கோ, அக்கா. முகத்தைப் பாருங்கோ, நித்திரை இல்லாமல் வீங்கிப்போய்க் கிடக்கு.

— படுக்கிறதோ? அந்த மனுசன் கடல்ல இழுபட, நான் பாய் விரிச்சுப் படுக்கிறதோ? உனக்கு நெஞ்சுக்குள்ள என்னடா கிடக்கு? அவர் உன்ர அத்தான் இல்லையே? மூண்டு நாளாப் பாக்கிறன், ஒரு சொட்டுப் பதட்டம் உன்னில இல்லை. சோறு தின்னுறாய். பகிடி விடுறாய். நிஷாந்தினி, கொழும்பில இருந்து எடுப்பிக்க ஏலாதே?

— இண்டைக்குப் போயா லீவு. கடையெல்லாம் பூட்டு. நாளைக்குச் சொல்லி, அது பஸ்ஸில ஏறி வர...

— நாளைக்கு எண்டா எனக்கு வேண்டாம். நாளைக்கு எண்டா எனக்கு ஒண்டுமே வேண்டாம். அப்ப அந்தப் பழசையாவது கழட்டி ஒருக்காத் துடை. எங்கட ரீவி றிமோட்டுக்குள்ள பற்றறியைக் கழட்டித் துடைச்சுப் போட்டா வேலை செய்யிறேல்லையே?

— அது செய்யலாம், அக்கா. பித்தளை மாதிரி மினுங்கிற பல்லுகளை அழிறப்பரால தேய்ச்சா சில நேரம் உயிர் வரும். நானும் அதைத்தான் முதல் செய்ய இருந்தனான்.

— பிள்ளை, அதைத் தொடாதேயும் எண்டனான்.

— கையை எடுங்கோ, அண்ணை.

— கையை எடடா! இல்லாட்டி நான் கத்தி ஊரைக் கூட்டுவன்.

— இந்தா, வந்திட்டுது. இறுகிப்போய் இல்லையே. இதின்ர ஸ்ரிக்கர் எங்க? உரிச்சுக் கிடக்கு. அக்கா, ரோச்சைக் கொண்டு வாங்கோ. பொறுங்கோ... பொறுங்கோ...

— என்ன? என்ன கண்டனீ?

— மூண்டாவது வகையின்ர விளிம்பு அடிமட்டம் மாதிரி நேரா இருக்கும். இது நடுவில கொஞ்சம் வயிறு தள்ளியிருக்கு. இது நாலாவது வகை.

— நாலு இதில இறங்காது எண்டெல்லே சொன்னனீ?

— இறங்காது. அதுதான் இதில ரெண்டு வெட்டு இருக்கு. இந்த வெட்டு கொம்பனி வெட்டினது. மற்றது அரத்தால ராவினது. மூண்டின்ர முள்ளு எங்க வருமோ, சரியா அந்த இடத்தில.

— எனக்கு விளங்கேல்ல, தங்கச்சி. விளங்கிற மாதிரிச் சொல்லு.

— இது ஒரு நாளும் இந்த மெசினில ஓடியிருக்காது, அக்கா. நீங்கள் சொல்லுற மாதிரி, போட் வெளிக்கிட்ட அண்டைக்கு இந்த மெசின் நல்லா ஓடினது எண்டா, அண்டைக்கு இதுக்குள்ள இருந்தது வேற மெமறி. ஆரோ அதைக் கழட்டிப்போட்டு இதை வச்சிருக்கினம்.

— குடு இஞ்ச. எனக்குக் கொம்பியூட்டர் தெரியாது. அரம் போட்ட வேலை தெரியும். பிசிறு இல்லை. மூலை வட்டமா முடிச்சிருக்கு. கடைசியா ஒருக்கா மண்தாளால தடவியிருக்கு. எங்கட அப்பா இப்பிடித்தான் முடிப்பார். ‘கையை வெட்டாத மாதிரி முடிக்கோணும்’ எண்டு சொல்லிச் சொல்லி முடிப்பார். அப்பா செத்த பிறகு இந்தத் துறைமுகத்தில இப்பிடி முடிக்கிற கை ஒண்டுதான் மிச்சம். என்னைப் பார், ராகுலன்.

— அக்கா...

— என்னைப் பாரடா!

— அக்கா, சத்தம் போடாதேங்கோ. வெளியில முதலாளின்ர ஆக்கள் நிக்கினம். கதவைச் சாத்தும், பிள்ளை. சாத்தும். சொல்லுறன். நீங்கள் நினைக்கிற மாதிரி ஒண்டும் நடக்கேல்ல. அத்தானுக்கு ஒண்டும் இல்லை. இஞ்சினுக்கும் ஒண்டும் இல்லை. அவை மீனுக்குப் போகேல்ல.

— பின்ன?

— ஆஸ்திரேலியாவுக்கு.

— என்ன சொல்லுறாய்?

— வழியில சல்லிக் கிராமத்துக்கு அங்கால ஆக்களை ஏத்தினவை. அத்தான்தான் ஓட்டி. முதலாளிக்குத் தெரியாது. தெரிஞ்சா முதல் நாளே நேவிக்குச் சொல்லிப் போட்டைப் பிடிப்பிச்சிருப்பார். இந்தக் கொம்பியூட்டர் ஓடினா போட் எந்தப் பக்கம் போகுது எண்டு கண்டிடுவார். அதுதான் நான் கழட்டினனான். வெறுமனே விட்டா, பெட்டியைத் திறந்து பாக்கிற முதலாளின்ர மகன் கண்டிடுவான். ஒரு பழைய மெசினின்ர மெமறியை ராவி அந்த இடத்தில வச்சனான். இருக்கு, ஆனா வேலை செய்யேல்ல எண்டு இருக்கட்டும். எரிஞ்சுபோச்சு எண்டு சொல்ல லேசு.

— ‘இஞ்சின் நிண்டுபோச்சு’ எண்டு அவர் சொன்னது?

— பேசி வச்சது, அக்கா! ரெண்டாம் நாள் பின்னேரம் றேடியோவில அப்பிடிச் சொல்லுறது, பிறகு கதையை நிப்பாட்டுறது. முதலாளி இஞ்சின் பழுது எண்டு நினைச்சுக்கொண்டு கொஞ்ச நாள் இருப்பார். அதுக்குள்ள அவை கன தூரம் போயிடுவினம்.

— நடிச்ச குரலோ அது? எனக்கு அப்பிடிக் கேக்கேல்ல. தொண்டை வறண்ட குரல் அது.

— அத்தான் கோயில் நாடகத்தில கூத்தாடின ஆள். உங்களுக்குத் தெரியாதே?

— என்னட்ட ஏன் சொல்லேல்ல? என்ர மனுசன், என்ர பிள்ளையளின்ர தகப்பன், எனக்கேன் ஒருத்தரும் சொல்லேல்ல?

— சொன்னா விட்டிருப்பீங்களே? காலைப் பிடிச்சு மறிச்சிருப்பீங்கள். அவர் போய்ச் சேந்து உங்களைக் கூப்பிடுவார். அக்கா, இஞ்ச பாருங்கோ. என்ர ஜெயரூபியும் மகளும் கிளிவெட்டியில இல்லை. அவையும் அந்தப் போட்டிலதான். நான் பூட்டின இஞ்சின் அது. போக முதல் நாள் முழுக்கக் கழட்டிப் பாத்தனான். எனக்கு ஒரு துளி பயம் இருந்தா என்ர தர்சிகாவை அதில ஏத்துவனே? நான் சோறு தின்னிறன், பகிடி விடுறன் எண்டு பேசினீங்கள். ஏனெண்டா எனக்கு இஞ்சினைத் தெரியும்.

— ராகுலண்ணை, அந்த நல்ல மெமறி எங்க?

— என்ர சேட்டுப் பையுக்குள்ள. சிகரட் பெட்டித் தாளில சுத்தி வச்சிருக்கிறன். கடல்ல எறிவம் எண்டுதான் கொண்டுபோனனான். கை வரேல்ல. நல்ல சாமானை எறிஞ்சு எனக்குப் பழக்கமில்லை.

— தாங்கோ.

— இந்தாரும். போடும், பிள்ளை. போட்டுக் கூப்பிடும். அக்கா ஒருக்காக் கண்ணால பாத்தாத்தான் ஆறுவா. இந்நேரம் எங்கேயோ போயிருப்பினம். பாத்தவுடன நிப்பாட்டோணும், விளங்குதே? முதலாளி வர முதல்.

— எட்டுச் சதுரம். விளிம்பு நேர். இதுதான் அந்த மெசினின்ர சொந்த மெமறி. அரம் போட்டது போர்டை எரிக்காமல் விட்டிருந்தாச் சரி. அக்கா, அமத்துங்கோ.

— பீப் எண்டேல்ல... தங்கச்சி, பீப் எண்டேல்ல! வெளிச்சம் வருது!

— பொறுங்கோ. இன்னும் ஏறி முடியேல்ல. இப்ப வரைபடம் வரும்... வந்திட்டுது. கூப்பிடுறன்.

— தெற்கு எண்டு வரும், பாருங்கோ, அக்கா. நடுக்கோட்டைத் தாண்டியிருப்பினம்.

— பதில் வருது. பொறுங்கோ. வடக்கு எட்டே முக்கால்... கிழக்கு எண்பத்திரண்டரை.

— வடக்கோ? அது பழசு. முதல் நாள் பதிவா இருக்கும்.

— இல்லை, அண்ணை. இப்ப வந்தது. பக்கத்தில நேரம் கிடக்கு. புல்மோட்டைக்குக் கிழக்க ஒரு புள்ளி விழுந்திருக்கு. வேகம் ஒண்டுக்கும் குறைய. அவையின்ர பற்றறியும் முடியிற நிலையில கிடக்கு.

— ஓடேல்ல! அவை ஓடேல்ல! நான் சொன்னன், நான் சொன்னன்! போனைத் தா, நேவிக்குச் சொல்லுவம்!

— அக்கா, பொறுங்கோ! வேணுமெண்டு நிக்கினமாக்கும். எண்ணெய் கொண்டுவாற போட்டுக்காக நிக்கலாம். நேவி ரோந்து கடக்கும் மட்டும் இஞ்சினை நிப்பாட்டி வச்சிருக்கலாம். நீங்கள் இப்ப இடத்தைச் சொன்னா, போய் எல்லாரையும் பிடிப்பாங்கள். அத்தான் ஓட்டி. ஓட்டியைத்தான் மறியலுக்குள்ள போடுவாங்கள். வருசக்கணக்கா. வீட்டை வித்தவையும் நகையை வித்தவையும் அதுக்குள்ள இருக்கினம். எல்லாற்ர வாழ்க்கையும் உங்கட ஒரு போன் கோலில கிடக்கு.

— எத்தினை பேரடா அதில?

— முப்பதுக்கு மேல.

— அந்தப் போட்டில ஆறு பேர்தான் படுக்கலாம்.

— அக்கா, காலைப் பிடிக்கிறன். பின்னேரம் மட்டும் பொறுங்கோ. பின்னேரம் திரும்பக் கூப்பிட்டுப் பாப்பம். புள்ளி தெற்கால நகந்திருக்கும். நான் கொட்டியாரக் குடாவில எத்தினை இஞ்சின் பூட்டினனான். ஒண்டாவது நடுக்கடல்ல நிண்டதே? சொல்லுங்கோ!

— பின்னேரம் கப்பல் போயிடும். தாழமுக்கம் வந்திடும். பிடிச்சா மறியல், பிடிக்காட்டி... தங்கச்சி, நீ சொல்லு. நான் என்ன செய்ய? இந்தா, போனை நீ பிடி. எனக்கு நம்பரே அமத்தேலாமக் கிடக்கு.

— எனக்கு என்ன தெரியும், அக்கா... பொறுங்கோ. வேற ஒண்டு வருது. இடம் இல்லை. எழுத்து. போட்டில இருந்து ஆரோ எழுதி அனுப்பியிருக்கினம். இஞ்சத்தை மெசின் கையேற்கும் வரைக்கும் அந்தச் செட் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டு இருந்திருக்கு.

— அவரோ? என்ன எழுதியிருக்கு? எனக்குக் கண் தெரியுதில்லை. வாசி.

— இங்கிலீஸ் எழுத்தில தமிழ். ‘புஸ்பம், ராகுலனிட்டச் சொல்லு. இது பேசி வச்ச கதை இல்லை. இஞ்சின் உண்மையா நிண்டுட்டுது. தண்ணி முடிஞ்சுது. அவன்ர பிள்ளை எழும்புதில்லை.’

— ராகுலன்... டேய், கதவைத் திறந்துகொண்டு எங்கடா போறாய்? மழைக்குள்ள எங்க போறாய்? திரும்பிப் பார், தம்பி... ஒரு வார்த்தை... நிஷாந்தினி, நீ நம்பரை அமத்து. அவனை விடு. அமத்து!